இரவல் நாக்கு

குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் ஒரு அரைக்கதவு இருந்தது. முழங்காலுக்குக் கீழே எதையும் மறைக்காத கதவு. மேசைக்கு நண்டுக்கறி போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் அந்தக் கதவின் அடியில் இரண்டு கால்கள் வந்து நிற்கும். வெடித்த குதிகால்கள், மஞ்சள் ஏறிய நகங்கள். விருந்தாளிகள் யாரும் அவற்றைக் கவனித்ததில்லை. நண்டை உடைத்துக்கொண்டிருப்பவருக்கு வேறு எதில் கவனம் போகும்?

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன். சமையல்கார அக்கா வழியை மறித்துக்கொண்டு நிற்பார்.

"என்னவாம், பிள்ளை?"

சாப்பிட்டவர் என்ன சொன்னார் என்பதுதான் கேள்வி. அதற்குத் தமிழில் பதில் சொன்னால் ஏற்கமாட்டார். அவர்கள் வாயிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லே வேண்டும், அதுவும் வந்த மாதிரியே வேண்டும். இழுத்துச் சொன்னார்களா, சடக்கென்று சொன்னார்களா, சொல்லும்போது வாயில் சோறு இருந்ததா, கண் எங்கே இருந்தது, எல்லாம் வேண்டும். அந்தப் புகை படிந்த குசினியில் நான் எத்தனையோ வெள்ளைக்காரக் கிழவர்களாகவும், கனடாவிலிருந்து முதன்முதலாக ஊர் பார்க்க வந்த மருமக்களாகவும் நடித்துக் காட்டியிருக்கிறேன். சம்பளத்துக்குள் அதுவும் அடக்கம் என்று அக்கா நினைத்திருக்க வேண்டும்.

குருநகர்க் கடற்காற்று வந்து முட்டும் ஒரு ஒழுங்கையில் இருந்த சின்ன விருந்தினர் விடுதி அது. ஆங்கிலம் தெரிந்தவள் என்று என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். துவாய் வேண்டுமா, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்கிற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். ஆனால் அக்காவோடு வேலை பார்த்த காலத்தில் சாப்பாட்டைப் புகழும் ஆங்கிலத்தில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். அந்த ஒரு துறையில் மட்டும் இன்றைக்கும் யாரோடும் மல்லுக்கு நிற்பேன்.

இத்தனை கேள்வி கேட்டவர், தன் கையால் சமைத்த நண்டில் ஒரு காலைக்கூட வாயில் வைத்ததில்லை. மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் எங்களூரில் மச்சம் என்று ஒரே சொல். அக்கா மச்சத்தை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அவருக்கு ஒரே மகன். நாடு இருந்த இருப்பில் அவனை எப்படியோ வெளியே அனுப்பினார்கள். போனவனிடமிருந்து மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. அப்போது கீரிமலைப் பக்கத்துத் தன் ஊரில், அம்மன் வாசலில் நின்று, மகன் திரும்பி வந்து என் கண்முன்னால் நிற்கும்வரை மச்சம் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். மகன் லண்டனில் இருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. தொலைபேசியில் குரல் வந்தது, கொஞ்சக் காலம் போக முகமும் வந்தது. ஆள் வரவில்லை. வழக்கு, விசா, காத்திருப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. அம்மனுக்குக் கொடுத்த வாக்கைத் தொலைபேசி முகத்தை வைத்து முடித்துக்கொள்ள அக்காவுக்கு மனம் வரவில்லை.

பிறகு ஏன் நண்டு சமைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "சமைக்கிறது என்ரை பிழைப்பு, பிள்ளை. தின்னாமல் இருக்கிறதுதான் என்ரை நேத்தி" என்றார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

வேறு யாராவது ருசி பார்த்துச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் அவருடைய சட்டம் குறுக்கே நின்றது. கோயில் மடைப் படையலுக்குச் சமைத்துப் பழகிய குடும்பம் அவர்களுடையது. படைப்பதற்கு முன்னால் சட்டியில் இருப்பதை யாரும் நாக்கில் வைக்கக்கூடாது. ஒல்லாந்துக்காரனுக்குப் போகிற நண்டுக்கறிக்கும் அக்கா அதே சட்டத்தைத்தான் வைத்திருந்தார். முதல் வாய் சாப்பிட வந்தவருக்கு. முன்பெல்லாம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு தானும் இருந்து சாப்பிடுவார், உப்பு எப்படி, புளி எப்படி என்று தெரிந்துகொண்டு அடுத்த நாள் கையைத் திருத்திக்கொள்வார். நேர்த்தியோடு அந்த வழி அடைபட்டுப்போனது. மிஞ்சியதை நான் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லலாம்தான். எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். மீன் குழம்புக்குச் சொல்லியிருக்கிறேன். "சரியாக் கிடக்கு அக்கா" என்பேன். "உனக்கு எல்லாம் சரிதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். விடுதி முதலாளிக்கோ சீனி வருத்தம், பிரஷர். அவித்த மரக்கறிக்கு அப்பால் அவர் போவதில்லை. ஆக, அக்காவுக்கு எஞ்சியிருந்த நாக்கு, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சொற்கள்தான்.

அந்தச் சொற்களை அவர் தரம் பிரித்த விதம் இருக்கிறதே! 'லவ்லி' என்பதற்கு அவரிடம் ஒரு மதிப்பும் இல்லை. ஒரு இங்கிலாந்து அம்மையார் கறிக்கும் லவ்லி சொன்னார், அறைச் சாவிக்கும் சொன்னார், கொண்டுபோய் வைத்த வெறும் தண்ணீருக்கும் சொன்னார். அன்றோடு அந்தச் சொல் செத்தது. 'டெலிஷியஸ்' என்று நான் வந்து சொன்னால், படம் எடுக்க முன்னமா, எடுத்த பிறகா என்று கேட்பார். படம் எடுக்கும்போது சொன்ன டெலிஷியஸ் கண்ணுடையது, நாக்குடையது அல்ல என்பது அவர் கட்சி. 'யம்மி' சின்னப் பிள்ளை சொன்னால் எடுபடும். பிள்ளைக்கு ஊட்டுகிற தாய் சொன்னால் எடுபடாது. 'ஓ மை கோட்' என்று ஒருவர் கத்தியதை நான் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். "சாமியைக் கூப்பிட்டவையெண்டால் உறைச்சுப்போச்சு" என்று தூள் டப்பாவை ஒரு விரற்கடை தள்ளி வைத்தார்.

'இன்டரெஸ்டிங்' வந்த நாள்தான் பெரிய துக்க நாள். ஜெர்மன்காரர் ஒருவர் மெல்ல மென்று, தலையை ஆட்டி ஆட்டிச் சொன்ன சொல் அது. சுவாரசியமாக இருக்கிறதாம் என்று நான் மொழிபெயர்த்துத் தொலைத்தேன். அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். "கறி என்ன கதைப் புத்தகமே, பிள்ளை?"

'நொட் பாட்' பற்றியும் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு மனிதர், பெரிய கைகள், வயலில் நின்று கறுத்த கழுத்து. நண்டை முடித்துவிட்டு, எழும்பும்போது அதை மட்டும்தான் சொன்னார். மோசமில்லை என்று அக்காவுக்குச் சொன்னேன். மோசம் என்ற பேச்சு எப்படி உள்ளே வரலாம் என்று அவருக்கு ஒரே கவலை. அடுத்த நாளும் அந்த மனிதர் நண்டு கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார், அதுவும் கறை பட்டாலும் பரவாயில்லை என்று ஒரு பழைய பெனியனைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு நாளும் அதே சொல். போகிற அன்றைக்கு அக்கா அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து அவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தெரிய, ஒரு விருந்தாளிக்காக அவர் வெளியே வந்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த மத்தியான நேரங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் சொருகும். விருந்தாளிகள் அறைகளில் படுத்திருப்பார்கள். ஒழுங்கையில் ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டு வந்து, தேய்ந்து, எங்கேயோ போகும். பின்வளவு முருங்கைக்குக் கீழே, குளித்து உடுப்பு மாற்றிய அக்கா, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பார்சலை அவிழ்ப்பார். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு பொரித்த மிளகாய். நண்டு மணக்கும் குசினிக்குள் அதை அவர் பிரிப்பதில்லை. முருங்கைப் பூ தலையில் உதிர, வாயில் சோற்றோடு, அன்றைக்கு வந்த சொல்லை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். "வெரி குட்." பிறகு கொஞ்சம் பொறுத்து, "ரியலி குட்." எது கூட, எது குறைய என்று என்னைக் கேட்கமாட்டார். அவராகவே எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அவரைப் பார்க்க ஆசையாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

ஆனால் சொற்களை நம்பிச் சமைப்பதில் ஒரு ஆபத்து இருந்தது. 'எ பிட் ஸ்பைசி' என்று யாராவது சொன்னால், அவர்களுடைய கொஞ்சம் எங்களுடைய கனக்க என்பதை அக்கா விரைவில் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் தூள் ஒரு கரண்டி குறையும், தேங்காய்ப்பால் ஒரு கை கூடும். உப்பும் அப்படியே இறங்கியது. ஒரே நாளில் நடந்ததல்ல. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கறுத்துச் சிவந்திருந்த கறி, மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு போனது. நண்டு கொண்டுவரும் குருநகர் அண்ணை ஒருநாள் பசியோடு வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் தூள் தரச்சொல்லிக் கேட்டார். "கடல்ல நிக்கிறவைக்கு நாக்குத் தடிப்பு" என்று அக்கா சொல்லிச் சிரித்தார். சிரித்தாரே தவிர, அன்றைக்கு என்னிடம் இரண்டு தரம் கேட்டார், அந்த அண்ணை கேட்டது தூளை மட்டும்தானா, உப்பையும் கேட்டாரா என்று.

மகனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது, வரப்போகிறான் என்ற செய்தி வந்தது. குசினிக்குள் நின்று அக்கா அழுதார், பிறகு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டார். மகிழ்ச்சி அடங்கிய பிறகு ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. சின்ன வயதில் மகன் வேறு எதையும் கேட்கமாட்டானாம், நண்டுக்கறிதான். தொலைபேசியிலும் அதைத்தான் சொல்வானாம்.

"இத்தனை வருசமும் என்ன ருசியெண்டு தெரியாமல் காய்ச்சியிருக்கிறன், பிள்ளை. என்ரை கை இப்ப ஆரின்ரை கையெண்டு எனக்கே தெரியாது. அவன் வந்து சாப்பிட்டிட்டு என்ன சொல்லுவான்?"

நல்லது என்றுதான் சொல்லுவான் என்றேன். அதுதான் பயம் என்றார்.

மகன் வந்தான். ஊரில் அக்காவின் வீடு பாதி கட்டி, தகரம் போட்டபடி நின்றது. அங்கே வெக்கையில் கிடக்கவேண்டாம் என்று அக்காவே பிடிவாதம் பிடித்து, முதலாளியிடம் கேட்டு, எங்கள் விடுதியில் குளிரூட்டிய அறை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நல்ல பிள்ளை, மெல்லிய குரல், எதற்கும் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தான். தாய் தேத்தண்ணீர் கொடுத்தாலும் நன்றி. அக்காவும் அவனிடம் வாங்கோ, இருங்கோ, இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ என்று நான் விருந்தாளிகளோடு கதைக்கிற குரலில்தான் கதைத்தார். இருவரும் ஒருவரையொருவர் உடைந்துவிடாமல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது.

ஊர் அம்மனுக்குப் பொங்கிய பிறகுதான் நேர்த்தி முடியும். பொங்கல் வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னரே, வந்த மறுநாளே, நண்டு வந்தது. என்னையே பரிமாறச் சொன்னார் அக்கா. கதவின் கீழே கால்கள் வந்து நின்றன. மகன் ஆறுதலாகச் சாப்பிட்டான். பேப்பரால் விரல் விரலாகத் துடைத்தான். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, குசினிப் பக்கம் பார்த்து, "நைஸ். ரியலி நைஸ், அம்மா" என்றான்.

அக்காவின் காதிலும் அது விழுந்திருக்கும். ஆனாலும் நான் உள்ளே போனதும் கேட்டார்.

"எந்த நைஸ், பிள்ளை?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. "தட்டைத் தள்ளி வைச்சிட்டுச் சொன்ன நைஸ் அக்கா" என்றேன். தலையை ஆட்டினார். அன்று முருங்கைக்குக் கீழே பார்சல் அவிழாமலே கிடந்தது.

வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கீரிமலைக் கேணியில் அக்காவும் நானும் பெண்கள் பக்கம் முழுகினோம். மதிலுக்கு அப்பால் கடல் அடித்துக்கொண்டிருந்தது, இப்பால் நன்னீர் அசையாமல் கிடந்தது. காதுவரை தண்ணீருக்குள் இருந்தபடி கண்ணை மூடினால், எது கடலின் சத்தம், எது தன் மூச்சு என்று தெரியாது. ஆண்கள் பக்கமிருந்து யாரோ குதிக்கிற சத்தம் வரும்போதெல்லாம் அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மகன் குதிக்கிறவன் இல்லை, படியில் இருந்து வாளியால் அள்ளி ஊற்றியிருப்பான் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பிறகு ஊர்க் கோயிலில் பொங்கல் பொங்கி, பானை கிழக்குப் பக்கமாக நுரைத்து வழிந்தது. நேர்த்தி முடிந்தது. நாளைக்கு இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம் என்று அக்கா மகனிடம் சொன்னார். அவனுக்குப் பயணம் ஞாயிற்றுக்கிழமை.

சனிக்கிழமை மத்தியானம், விருந்தாளி உட்காரும் நாற்காலியில் அக்கா உட்கார்ந்ததை முதன்முதலாகக் கண்டேன். விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார். மகன் ஒரு நண்டுக்காலை உடைத்து, சதையை எடுத்து, தாயின் தட்டில் வைத்தான். அக்கா அதைச் சோற்றோடு சேர்த்து வாயில் வைத்தார். இரண்டு தரம் மென்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிப் பின்பக்கம் ஓடினார். கிணற்றடியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. மகன் எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை.

முகம் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அக்கா திரும்பி வந்து அதே நாற்காலியில் இருந்தார்.

"ஏலாமல் கிடக்கு. நாக்கு மறந்துபோச்சு" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. இத்தனை வருடம் காத்துக் கிடந்து, கடைசியில் தன் கறியைத் தானே அறிய முடியாமல் போன ஒரு மனிதரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பரவாயில்லை அம்மா என்றான் மகன். அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நீ சொல்லு. எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கம்மா. ரியலி நைஸ்."

"உந்தச் சொல்லை நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறன்" என்றார் அக்கா. "அது வந்து போறவையின்ரை சொல்லு. அவை நாளைக்குப் போயிடுவினம், அதால சொல்லுவினம். நீயும் அப்பிடித்தானோ?"

மகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, குனிந்தபடியே, மெல்லச் சொன்னான்.

"உப்புக் காணாதம்மா. உறைப்பே இல்லை. பால் கூடிப்போச்சு. இது உங்கடை கறி இல்லை."

நான் தட்டுகளை எடுக்கிற சாக்கில் அங்கிருந்து நழுவப் பார்த்தேன். அக்கா அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"லண்டனில இருந்து வந்து எனக்கு உப்புச் சொல்லித் தாறியோ? எழும்படா. வா இஞ்சாலை."

அவன் கழுவாத கையோடு பின்னால் போனான். அரைக்கதவு இருவருக்கும் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா சட்டியை மறுபடி அடுப்பில் தூக்கி வைத்தார். உப்புப் போட்டார், தூள் போட்டார், இரண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டார். கொதித்து வந்ததும் அகப்பையால் கொஞ்சம் கோலியெடுத்து, ஊதி, மகனின் உள்ளங்கையில் விட்டார். அக்காவின் குசினியில், சட்டியில் இருப்பது நேரே ஒருவர் வாய்க்குப் போனதை நான் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அவன் நக்கிப் பார்த்தான்.

"காணாது" என்றான்.

"எது காணாது? வடிவாச் சொல்லு."

"தூள்."

"வயித்தைப் பொத்திக்கொண்டு பிளேனில போகப்போறாய்" என்று ஏசிக்கொண்டே போட்டார். மறுபடி கோலி விட்டார். அவன் இன்னும் புளி என்றான். புளி கரைத்து விட்டார். மகனுக்கு நெற்றி வியர்த்து, கண் கலங்கி, மூக்கால் தண்ணீர் வந்தது. சேர்ட்டுக் கையால் துடைத்துக்கொண்டான். கறி கறுத்துச் சிவந்து வந்தது. குசினி முழுக்க நெடி. நான் கதவோரத்தில் நின்று இருமினேன். அவர்கள் இருவரும் இருமவில்லை.

"இப்ப?" என்று கேட்டார் அக்கா.

அவன் நக்கி முடித்த கையை மறுபடி நீட்டினான்.